கஜர்: எல்லைக்கோடுகளுக்கு நடுவே ஓர் அலவி ஊர்

கேள்வி இதுதான்: கோலான் குன்றுகளின் ஓரத்தில் அலவி மக்கள் (ஷியா மரபிலிருந்து கிளைத்த ஒரு சமயப் பிரிவினர்) வாழும் ஒரே ஊர் கஜர் என்கிறார்கள். அது சிரியாவா, லெபனானா, இஸ்ரேலா? சிரியர்கள் என்று சொல்லிக்கொள்ளும் அந்த மக்கள் ஏன் இஸ்ரேல் குடியுரிமை வாங்கினார்கள்?

முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஊரின் தெற்குப் பகுதி 1967இல் இஸ்ரேல் பிடித்த சிரிய நிலம். வடக்குப் பகுதி, ஐ.நா. கணக்குப்படி லெபனான் நிலம். நிர்வாகம் இரண்டு பக்கமும் இஸ்ரேல் கையில் இருக்கிறது. ஊர்க்காரர்களைக் கேட்டால், "இது ஒரே ஊர், எங்கள் நிலம் முழுக்கச் சிரிய நிலம்" என்பார்கள். இரண்டாவது பாதிக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஜரைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக "அலவிகள், ஆகவே (சிரியாவை ஆண்ட அலவிக் குடும்பமான) அசாத் ஆட்கள்" என்றோ, "குடியுரிமை வாங்கினார்கள், ஆகவே இஸ்ரேல் ஆட்கள்" என்றோ முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அந்த ஊர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் ஒரு குடியானவன் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும்: வயல் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம், சொந்தபந்தம் எந்தப் பக்கம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹெர்மோன் மலையின் மேற்கு அடிவாரத்தில் ஹஸ்பானி ஆறு தெற்கு நோக்கி ஓடுகிறது. ஜோர்டான் நதியை உண்டாக்கும் மூன்று ஆறுகளில் ஒன்று இது. மற்ற இரண்டும் டான், பனியாஸ் என்பவை. ஹஸ்பானியின் கிழக்குக் கரை மேட்டில் கஜர் இருக்கிறது. ஊருக்குக் கீழே பள்ளத்தில் வஸ்ஸானி ஊற்றுகள். கோடையில் ஆற்றின் மேல்பகுதி வறண்டு போனாலும் இந்த ஊற்றுகள் வற்றுவதில்லை. எதிர்க்கரை லெபனான். கிழக்கே ஏறினால் கோலான். தெற்கே இறங்கினால் ஹூலா சமவெளி. மக்கள்தொகை இன்றும் மூவாயிரத்தைத் தொடவில்லை. இவ்வளவு சின்ன ஊர் ஐ.நா. அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

அலவிகள் இங்கே எப்படி வந்தார்கள்? அலவி என்றதும் நினைவுக்கு வருவது சிரியாவின் கடற்கரை மலைகள்: லத்தாக்கியா, தர்த்தூஸ், அவற்றுக்குப் பின்னால் எழும் அன்சாரியா மலைத்தொடர். கஜர் அங்கிருந்து வெகு தொலைவு. ஆனால் ஹெர்மோன் அடிவாரத்து வாதி அல்-தைம் பள்ளத்தாக்கில் பதினோராம் நூற்றாண்டிலேயே இவர்கள் இருந்திருக்கிறார்கள். அப்போது அந்தப் பகுதியில் பரவத் தொடங்கிய துரூஸ் மதத்தின் ஆரம்பகால நிருபங்களில் ஒன்று இவர்களை மறுத்து எழுதப்பட்டது. பக்கத்தில் இல்லாத ஒருவரை யாரும் மெனக்கெட்டு மறுக்கமாட்டார்கள் அல்லவா? ஆக, கஜரை எங்கோ இருந்து வழிதவறி வந்த கூட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1967க்கு முன் கோலானில் கஜரோடு சேர்த்து மூன்று அலவி ஊர்கள் இருந்தன. ஐன் ஃபீத், ஸவூரா என்ற மற்ற இரண்டும் அந்த ஆண்டுப் போரில் காலியாகின. மிஞ்சியது கஜர் மட்டும்.

இவர்களின் சமயம் பற்றிக் கொஞ்சம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த இப்னு நுசைர் என்பவரிடம் தொடங்குகிறது இந்த மரபு. அதனால் நீண்ட காலம் நுசைரிகள் என்றே அழைக்கப்பட்டார்கள். அலவி என்ற பெயர் பிரெஞ்சுக்காரர் காலத்தில்தான் நிலைத்தது. ஷியா மரபிலிருந்து கிளைத்தவர்கள், முகமது நபியின் மருமகன் அலீயைப் போற்றுபவர்கள். சமயத்தின் உள்நூல்களும் சடங்குகளும் தீட்சை பெற்ற ஆண்களுக்கு மட்டுமே. மறுபிறவியில் நம்பிக்கை உண்டு. மது விலக்கில்லை. பெண்கள் முகத்திரை போடுவதில்லை. வழிபாடு பெரும்பாலும் வீட்டில்தான். ஊர்ப் பொதுவிடம் என்றால் பெரியவர்களின் சமாதிகள். வெள்ளைக் குவிமாடம், பக்கத்தில் பழைய மரம், நேர்ச்சைக்கு வருகிற ஜனம்: அலவி மலைக் கிராமங்கள் எங்கும் காணும் காட்சி இது.

கஜரிலும் அப்படி ஒரு சமாதி உண்டு, ஷேக் அல்-அர்பஈன் என்ற பெயரில். அதைச் சுற்றி ஊரில் ஒரு கதை வழங்குகிறது. ஒட்டோமான் காலத்தில் குர்து அதிகாரிகள் ஊராரின் நிலத்தை மிரட்டி வாங்கப் பார்த்தார்களாம். அவர்களின் தலைவன் குதிரையோடு சமாதிக்குள் நுழையப் போக, குதிரை நகர மறுத்துவிட்டது. மறுநாள் தீப்பிடித்து அவர்களின் வாளும் கேடயமும் எரிய, பயந்து ஓடிப்போனார்கள். இது நடந்ததா என்று ஆராய்வதில் பயனில்லை. நான் கவனிப்பது வேறொன்று. ஊரே சொல்லிவரும் ஒரு பழங்கதையில் வில்லன் மதத்தை மாற்ற வரவில்லை, நிலத்தைப் பிடுங்க வருகிறான்.

அது கஜரின் பயம் மட்டுமல்ல. அலவி கிராமங்களின் வரலாறே பெரும்பாலும் நிலமில்லாதவர்களின் வரலாறு. ஒட்டோமான் அரசு இவர்களைத் தனிச் சமூகமாக அங்கீகரிக்கவில்லை. முழு முஸ்லிம்களாகவும் ஏற்கவில்லை. லெபனான் கடற்கரையின் திரிபோலி மாகாணத்தில் இவர்கள்மேல் மட்டும் தனித் தலைவரி ஒன்று இருந்தது. மலைச்சரிவில் மண் மெலிந்தது. புகையிலை, அத்தி, ஆலிவ், கொஞ்சம் கோதுமை என்று ஓட்டினார்கள். சமவெளிக்கு இறங்கியவர்கள் ஹமா, லத்தாக்கியா நகரத்துப் பெரும் பண்ணையார்களிடம் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விளைச்சலின் பெரும்பங்கு களத்திலேயே போய்விடும். கடன் கழுத்தை நெரித்தபோது சின்னப் பெண்பிள்ளைகளை நகரத்து வீடுகளில் வேலைக்கு விட்டார்கள், வருடக்கணக்கில். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது சாதாரணமாக நடந்தது. சிரிய ராணுவத்தில் அலவி இளைஞர்கள் ஏன் அவ்வளவு பேர் சேர்ந்தார்கள் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வசதியானவர்கள் பணம் கட்டிக் கட்டாயச் சேவையிலிருந்து விலகிக்கொண்டார்கள். இவர்களிடம் பணம் இல்லை, ராணுவச் சம்பளமோ நிச்சயமான சம்பளம். அந்தக் கூட்டத்திலிருந்து வந்த ஹாஃபிஸ் அல்-அசாத் 1970 நவம்பரில் ஆட்சியைப் பிடித்ததும், அதற்குப் பின் நடந்ததும் தனிக்கதை. கஜர் அதற்கு மூன்று வருடம் முன்பே சிரியாவின் கையைவிட்டுப் போய்விட்டது. அசாத் ஆட்சியில் அலவி ஊர்களுக்குக் கிடைத்த ரோடு, வேலை, பதவி எதையும் அந்த ஊர் பார்க்கவே இல்லை. "அலவிகள், ஆகவே அசாத் ஆட்கள்" என்ற வாதம் கஜர் விஷயத்தில் ஆட்டம் காண்பது இங்கேதான்.

சரி, எல்லை விவகாரத்துக்கு வருவோம்.

முதல் உலகப் போர் முடிந்து சிரியாவும் லெபனானும் பிரெஞ்சு ஆளுகைக்கும், பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆளுகைக்கும் போயின. இரு வல்லரசுகளுக்கும் இடையிலான எல்லையை 1923இல் வரைந்து முடித்தார்கள். ஆனால் சிரியாவுக்கும் லெபனானுக்கும் நடுவே? இரண்டும் பிரான்சின் கையில்தான் இருந்தன. ஒரே வீட்டுக்குள் எதற்கு வேலி என்று விட்டுவிட்டார்கள். வரைபடத்துக்கு வரைபடம் கோடு இடம் மாறியது. தரையில் கல் நட்டு யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. கஜருக்கு அருகே சிரிய நிலமா லெபனான் நிலமா என்று நடக்கும் இன்றைய ஷெபா பண்ணைச் சண்டைக்கும் கஜர் சண்டைக்கும் வேர் இந்த அலட்சியம்தான். பிரெஞ்சு அதிகாரிகளிலேயே சிலர் அந்தக் காலத்திலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள், யாரும் கேட்கவில்லை.

1932இல் லெபனானில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் அதிகாரபூர்வமான கணக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை என்பது வேறு கதை. அந்தச் சமயத்தில் கஜர் மக்கள் எந்த நாட்டவர் என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. சிரியா என்றார்கள். லெபனானில் அலவிகள் கொஞ்சம் பேர்தான்; சிரியாவில் ஒரு பெரிய சமூகமே இருந்தது. கொள்வினை கொடுப்பினை அந்தப் பக்கம் என்றால் குடியுரிமையும் அந்தப் பக்கம். அதன்பின் முப்பத்தைந்து வருடம் கஜர் சிரியாவின் கடைக்கோடி ஊராகக் கிடந்தது.

1967 ஜூனில் ஆறு நாள் போர். இஸ்ரேல் படை கோலானைப் பிடித்துக்கொண்டே வந்து கஜர் எல்லையில் நின்றுவிட்டது. அவர்களிடம் இருந்த வரைபடத்தில் கஜர் லெபனானுக்குள் இருந்தது, லெபனானோடு அவர்களுக்கு அப்போது சண்டை இல்லை. சிரியப் படை பின்வாங்கிவிட்டது. ஆக, ஊர் யாருக்கும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டது, ஏறத்தாழ இரண்டரை மாதம். அது அறுவடை முடிந்து விளைச்சலை விற்க வேண்டிய காலம். கிழக்கே கோலான் பக்கம் போகிற வழி அடைபட்டது. சிரியாவுக்கான பாதை துண்டானது. உப்பு, சர்க்கரை, மருந்து எதற்கும் போக்கிடம் இல்லை. பலர் ஏற்கெனவே சிரியாவுக்குள் ஓடிவிட்டிருந்தார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முதலில் போனது லெபனானிடம். பக்கத்து லெபனான் நகரமான மர்ஜயூனில் இருந்த அதிகாரியைப் பார்த்து, எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். நீங்கள் சிரியர்கள், முடியாது என்று பதில் வந்தது. பிறகு இஸ்ரேல் ராணுவ ஆளுநரிடம் போனார்கள். நாங்கள் சிரிய ஊர், கோலானைச் சேர்ந்தவர்கள், கோலானை எப்படி ஆள்கிறீர்களோ அப்படியே எங்களையும் ஆளுங்கள் என்பதுதான் கோரிக்கை. இந்த மனுவைத்தான் "தாங்களாகவே இஸ்ரேலைத் தேடிப் போனவர்கள்" என்று பிற்காலத்தில் திரித்தார்கள். மனுவின் தர்க்கத்தைப் பாருங்கள்: தாங்கள் சிரியர்கள் என்பதை நிரூபித்தால்தான் இஸ்ரேல் அவர்களை எடுத்துக்கொள்ளும்! இஸ்ரேல் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் ஊரில் இருந்தவர்கள் நானூறு பேர்கூட இல்லை. வரலாற்றில் இப்படி ஒரு விசித்திரமான விண்ணப்பம் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

1981 டிசம்பர் 14 அன்று இஸ்ரேல் கோலான் சட்டத்தை நிறைவேற்றி அந்தப் பகுதியைத் தன்னோடு இணைத்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 497ஆம் தீர்மானம் அது செல்லாது என்றது. கோலானில் மிஞ்சியிருந்த துரூஸ் ஊர்கள் நான்கு: மஜ்தல் ஷம்ஸ், புகாதா, மசாதா, ஐன் கினியா. அவை 1982இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து இஸ்ரேல் அடையாள அட்டையை மறுத்தன. கஜர் மக்கள் குடியுரிமையை ஏற்றார்கள். ஒப்பிட்டுப் பார்த்து இவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் துரூஸ் மக்களுக்கு ஹெர்மோன் மலையைச் சுற்றிலும், லெபனானிலும், இஸ்ரேலுக்குள் கலிலேயாவிலும் தங்கள் சமூகம் இருந்தது. எதிர்த்து நின்றால் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தார்கள். கஜர் ஒற்றை ஊர். இஸ்ரேல் ஆளும் நிலத்தில் வேறு அலவி ஊரே கிடையாது. தங்கள் உறவினர் முழுக்கப் போர்நிறுத்தக் கோட்டுக்கு அப்பால். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூடப் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே என்று சுருங்கிப்போனது. இந்த நிலையில் ஏற்றதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் ஊர் வடக்கே வளரத் தொடங்கியது. 1978இலும் 1982இலும் இஸ்ரேல் படை தெற்கு லெபனானுக்குள் நுழைந்து பல ஆண்டுகள் தங்கிவிட்டது. கஜருக்கும் லெபனானுக்கும் நடுவே அப்போது காவல் இல்லை, எல்லையும் இல்லை. குடும்பங்கள் பெருகின. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போட இடம் வேண்டும். வடக்குச் சரிவில் வீடு கட்டினார்கள், வஸ்ஸானி என்று வழங்கிய குடியிருப்பும் ஊரோடு சேர்ந்தது. அது லெபனான் நிலம் என்று அப்போது யாரும் வந்து தடுக்கவில்லை. ஊர்க்காரர்களோ அது தங்கள் பாட்டன் நிலம் என்கிறார்கள்.

பிறகு 2000 மே மாதம் வந்தது. இஸ்ரேல் தெற்கு லெபனானைவிட்டு வெளியேறியது. வெளியேறியதை உறுதிசெய்ய ஐ.நா. வரைபடக்காரர்கள் நீலக்கோடு என்று ஒன்றை வரைந்தார்கள். அது எல்லை அல்ல, பின்வாங்கியதைச் சரிபார்க்கும் கோடு மட்டுமே என்று ஐ.நா. இன்றுவரை சொல்லிவருகிறது. ஆனால் அந்தக் கோடு கஜர் வழியாக விழுந்தது. அண்ணன் வீடு லெபனானில், தம்பி வீடு இஸ்ரேல் வசம் உள்ள கோலானில் என்றாயிற்று. ஊர் ஒன்றுதான், பள்ளிக்கூடமும் மயானமும் பொதுதான். கோடு மட்டும் குறுக்கே.

அதிலிருந்து இருபத்திரண்டு வருடம் கஜர் மூடிய ராணுவ மண்டலம். தெற்கு வாசலில் சோதனைச்சாவடி. ஊர்க்காரர் தவிர யாரும் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. கல்யாணத்துக்கு வெளியூர் நண்பரைக் கூப்பிட்டால்கூட முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி பழுதானால் மெக்கானிக் வரமாட்டார், சாவடிவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். வடக்குப் பக்கம் திறந்தே கிடந்ததால் லெபனானின் ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் ஆட்களும் போதைப்பொருள் கடத்துகிறவர்களும் வந்து போனார்கள். 2005 நவம்பர் 21 அன்று ஹிஸ்புல்லா வீரர்கள் ஊருக்குள் புகுந்து இஸ்ரேல் சிப்பாய்களைப் பிடித்துக்கொண்டு போக முயன்றார்கள். முயற்சி தோற்றது; வந்தவர்களில் நான்கு பேர் செத்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் வேறோர் இடத்தில் அதே முயற்சி பலித்து, பெரிய போராக வெடித்தது. 2006 போரின்போது இஸ்ரேல் படை கஜரின் வடக்குப் பகுதியை மறுபடி பிடித்தது.

போர் முடிந்தபோது வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1701ஆம் தீர்மானப்படி வடக்கைவிட்டு இஸ்ரேல் வெளியேற வேண்டும். 2010 நவம்பர் 17 அன்று இஸ்ரேல் அமைச்சரவை அதற்கு ஒப்புதலும் கொடுத்தது. எதிர்த்துக் கிளம்பியது ஊர்க்காரர்கள்தான். வடக்கை ஐ.நா. படையிடம் ஒப்படைத்தால் ஊர் இரண்டாகும். அங்கே வாழ்கிறவர்களுக்கு இஸ்ரேல் குடியுரிமை இருக்கிறது, லெபனான் குடியுரிமை இல்லை. அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? சேர்ந்தே இருப்போம், ஒருநாள் திருப்பிக் கொடுப்பதானால் முழு ஊரையும் சிரியாவிடம் கொடுங்கள் என்றார்கள். அமைச்சரவை முடிவு காகிதத்தில் நின்றுபோனது.

தண்ணீர் விஷயத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1960களின் நடுவில் அரபு நாடுகள் ஹஸ்பானியையும் பனியாஸையும் திருப்பிவிடத் திட்டம் போட்டன. இஸ்ரேல் அந்த வேலைகளைக் குண்டுவீசி நிறுத்தியது. 1967 போருக்கு இட்டுச்சென்ற பகைகளில் இதுவும் ஒன்று. 2002இல் லெபனான் தன் தெற்கத்திக் கிராமங்களுக்குக் குடிநீர் கொடுக்க வஸ்ஸானியில் பம்பு வைத்தபோது இஸ்ரேல் போர் மிரட்டல்வரை போனது. அமெரிக்காவும் ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும் தலையிட்டன. அந்த அக்டோபரில் லெபனான் பம்பைத் திறந்தேவிட்டது. இதெல்லாம் நடந்தது கஜர் வீடுகளின் கொல்லைப்புறத்துக்குக் கீழே. பின்னாளில் அங்கே எதிர்க்கரையில் லெபனானியர்கள் ஆற்றோரம் உணவகமும் விடுதியும் நடத்தினார்கள். மேட்டிலிருந்து கஜர்காரர்கள் பார்க்க முடிந்தது. இறங்கிப் போக முடியவில்லை.

விவசாயம் இன்று எந்த அளவுக்கு மிச்சம் என்று கேட்டால், முன்போல் இல்லை என்பதே பதில். இளையவர்கள் இஸ்ரேல் நகரங்களில் படித்து ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் என்று போகிறார்கள். கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள் ஏராளம். நிலத்தின்மேல் இருந்த பிடிப்பு இப்போது தோட்டமாக மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். பளிச்சென்று வண்ணம் பூசிய வீடுகள், தெருமுனைக்குத் தெருமுனை நீரூற்று, பூங்கா, பூச்செடி. அந்த வட்டாரத்தில் சுத்தத்துக்குப் பேர்போன ஊர் அது. 2022 செப்டம்பரில் அனுமதி தேவையில்லை என்று வாசலைத் திறந்தபோது வார இறுதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் தெருக்களைப் பார்க்க வந்தார்கள். வீட்டு முற்றத்தில் மேசை போட்டு உணவு விற்கத் தொடங்கினார்கள்.

அதே சமயத்தில் வடக்கு விளிம்பைச் சுற்றிப் புதிய வேலி எழுந்தது. ஊருக்குள் இனி ஆள் நுழைய முடியாது என்பது ஊராருக்கு நிம்மதி. லெபனானுக்கோ தன் நிலத்தை நிரந்தரமாக விழுங்கும் வேலை. 2023 ஜூலையில் ஹிஸ்புல்லாவும் லெபனான் அரசும் சேர்ந்தே கண்டித்தன. 2023 அக்டோபரில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் இடையே தொடங்கிய சண்டை 2024 நவம்பர் 27 போர்நிறுத்தம்வரை நீடித்தது. லெபனான் தீர்க்கச் சொல்லிக் கேட்கும் எல்லைச் சிக்கல்களின் பட்டியலில் வடக்கு கஜர் இன்னமும் இருக்கிறது.

கடைசியாக, சிரியா. "எங்களை முழுசாகச் சிரியாவிடம் கொடுங்கள்" என்று கஜர் சொன்ன காலத்தில் டமாஸ்கஸில் இருந்தது அலவி ஒருவரின் ஆட்சி. 2024 டிசம்பர் 8 அன்று ஹாஃபிஸின் மகன் பஷார் அல்-அசாத் நாட்டைவிட்டு ஓடினார். 2025 மார்ச்சில் கடற்கரை மாவட்டங்களின் அலவி ஊர்களில் படுகொலைகள் நடந்தன; சுமார் 1,400 பேர், பெரும்பாலும் பொதுமக்கள், கொல்லப்பட்டதாக ஐ.நா. விசாரணைக் குழு பதிவு செய்தது. அந்த ஊர்களில் பலவும் அசாத் குடும்பம் ஆண்ட காலத்திலேயே ஏழையாக இருந்து, உள்நாட்டுப் போரில் பிள்ளைகளை ராணுவத்துக்குக் கொடுத்து இழந்தவை. கஜரின் பழைய கோரிக்கை இப்போது யாரிடம் வைக்கப்படும் கோரிக்கை என்பதே மாறிவிட்டது. சட்டப்படி தெற்கு கஜர் சிரிய நிலம் என்பதில் இதனால் மாற்றம் இல்லை. நடைமுறையில் ஊர்க்காரர்களின் கையில் இருப்பது இஸ்ரேல் அடையாள அட்டை, வடக்கே ஒரு வேலி, தெற்கே ஒரு சாவடி.